சார்ஜ் ஏறும்போது சூடாவது கேபிளா, பிளக்கா, சுவர் சாக்கெட்டா?

கேள்வி: மின்சாரக் காரோடு வந்த கேபிளை வீட்டுச் சுவர் சாக்கெட்டில் செருகி இரவில் சார்ஜ் போடுகிறேன். இரண்டு மணி நேரத்தில் பிளக் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிவிடுகிறது. கார் என்னவோ ஒழுங்காகத்தான் சார்ஜ் ஆகிறது, பிரேக்கரும் விழவில்லை. என் கேபிளுக்கு ரீகால் (குறை காரணமாக நிறுவனமே திரும்ப அழைப்பது) வந்திருக்கிறது என்று நண்பர் சொல்கிறார். புதுக் கேபிள் வரும்வரை இதையே பயன்படுத்தலாமா?

பதில்: இன்றிரவு அந்த பிளக்கில் சார்ஜ் போடாதீர்கள். இப்போது ஓடிக்கொண்டிருந்தால், முதலில் காரில் சார்ஜிங்கை நிறுத்துங்கள். பிறகு சுவர் சுவிட்சை அணையுங்கள். அதற்கப்புறம் பிளக்கை உருவுங்கள். மீதியை ஆற அமரப் படிக்கலாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், நீங்கள் எழுதியிருக்கும் அதே வார்த்தைகளை நானும் ஒரு காலத்தில் சொன்னதுதான். "சார்ஜ் ஆகுது, பிரேக்கர் விழலை, அப்புறம் என்ன?" கார் வாங்கி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. ஓர் இரவு இரண்டு மணிவாக்கில் மனைவி என்னை எழுப்பி, "எங்கேயோ மீன் வாடை அடிக்குதுங்க" என்றார். சமையலறையைப் பார்த்தோம், குப்பைக்கூடையைப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. கார் நிறுத்தும் இடத்துக் கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அறைந்தது. சாக்கெட்டின் வெள்ளை முகப்பு ஒரு பக்கம் பழுப்பேறி, லேசாக உப்பியிருந்தது. காரோ எந்தக் குறையும் இல்லாமல் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தது.

பிளக், சுவிட்ச் முகப்புகளில் பயன்படும் சிலவகைப் பிளாஸ்டிக்குகள் எரியத் தொடங்கும் முன்பே மீன் வாடையடிக்கும். இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் காரணமில்லாமல் அந்த வாடை வந்தால் அடுப்படியைத் தேடுமுன் மெயினை அணையுங்கள்.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் வயதில் மூத்தவர். சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார். நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும்) பக்கத்துப் பித்தளைப் பட்டை கறுத்து, ஸ்பிரிங் பிடிப்பே இல்லாமல் விரிந்துகிடந்தது. பின்னால் ஒயரை இறுக்கும் ஸ்குரூ கையாலேயே சுற்றியது. நான் கேபிளைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னார்: "தம்பி, புதுக் கேபிள் வாங்கி இதிலேயே செருகினா இந்த சாக்கெட் அதையும் எரிச்சிடும். சூடு ஒயர்ல பிறக்கலை, சேர்ற இடத்துல பிறக்குது."

அந்தக் கடைசி வரிதான் உங்கள் கேள்விக்கான பதிலின் முதுகெலும்பு.

கணக்காகவே பார்த்துவிடலாம். ஓர் இணைப்பில் உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடியை அந்த இடத்து மின்தடையால் பெருக்கினால் வருவது. நல்ல பிடிப்புள்ள சாக்கெட்டில் இந்தத் தடை ஓமில் ஆயிரத்தில் சில பங்குதான், அதனால் சூடு தெரியாது. ஸ்பிரிங் தளர்ந்தோ, உலோகத்தில் களிம்பு ஏறியோ அது 0.1 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். 10 ஆம்பியர் ஓடினால் 10 வாட். 16 ஆம்பியர் ஓடினால் 25 வாட்டுக்கு மேல். 32 ஆம்பியர் என்றால் 100 வாட்டைத் தாண்டும். 25 வாட் என்பது சாதாரண சால்டரிங் அயர்ன். ஈயத்தை உருக்குகிற அந்தச் சூட்டை, காற்றே புகாத ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இரவு முழுக்க வைத்திருப்பதாக நினைத்துப்பாருங்கள். வீட்டு ஒயர்களின் சாதாரண பிவிசி உறை 70 டிகிரி செல்சியஸுக்குத்தான் தரமிடப்பட்டது. அதற்கு மேல் போனால் மெல்ல விறைத்து விரிசல் விடும். சூட்டில் பித்தளை ஸ்பிரிங் இன்னும் தளரும், களிம்பு இன்னும் ஏறும், தடை இன்னும் கூடும். எட்டு மாதம் ஒழுங்காக இருந்த சாக்கெட் ஒன்பதாம் மாதம் ஒரே வாரத்தில் கருகுவது இப்படித்தான்.

"இதே சாக்கெட்டில் இஸ்திரிப்பெட்டி போட்டேனே, ஒன்றும் ஆகவில்லையே" என்று பலரும் கேட்பார்கள். இஸ்திரிப்பெட்டி சூடேறியதும் தானே அணைந்து அணைந்து எரியும். கெட்டில் ஐந்து நிமிட வேலை. கார் அப்படியில்லை, எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஒரே அளவில் மூச்சுவிடாமல் இழுக்கும். வீட்டில் வேறு பொருள்கள் பெரும்பாலும் சுவர் சாக்கெட்டை இப்படிச் சோதிப்பதில்லை. அமெரிக்க மின்விதிகளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓடும் லோடுக்கு 125 சதவீதத் திறனில் லைன் போட வேண்டும் என்று இருப்பதும், கார் சார்ஜிங்கை அந்த வகையில் சேர்த்திருப்பதும் இதனால்தான்.

பிரேக்கர் ஏன் விழவில்லை? விழ வேண்டிய காரணமே அதற்குத் தெரியாது. எம்சிபி, அதாவது நாம் பிரேக்கர் என்பது, பார்ப்பது ஓடும் மின்னோட்டத்தின் அளவை மட்டும். 16 ஆம்பியர் லைனில் 10 ஆம்பியர் ஓடினால் அதைப் பொறுத்தவரை எல்லாம் நலம். மின்கசிவைப் பிடிக்கும் ஆர்சிசிபி பார்ப்பது ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று. லூஸ் கனெக்‌ஷனில் மின்சாரம் எங்கும் கசிவதில்லை, போன அளவு திரும்பி வந்துவிடுகிறது. இரண்டு காவலாளிகளும் வாசலில் நிற்க, சூடு உள்ளேயே வளர்கிறது. காரும் சாதாரணமாக உணராது. 16 ஆம்பியர் ஓடும்போது அந்தக் கெட்ட இணைப்பு விழுங்குவது 1.6 வோல்ட்தான். வீட்டு மின்னழுத்தம் தானாகவே அதைவிட அதிகமாக ஏறி இறங்கும்.

இனி ரீகால் விஷயம். நடந்த சில ரீகால்களைப் பார்த்தாலே எலக்ட்ரீஷியன் சொன்னது விளங்கும்.

2014 ஜனவரியில் டெஸ்லா மாடல் எஸ் கார்கள் 29,222-க்கு அமெரிக்காவில் ரீகால் வந்தது. வீட்டில் 240 வோல்ட் நேமா 14-50 (அமெரிக்க சாக்கெட் வகைகளில் ஒன்று) சாக்கெட்டில் செருகும் அடாப்டர் அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்பது குறை. தீர்வு இரண்டு பாகமாக வந்தது. ஒன்று, மென்பொருள். உள்ளே வரும் மின்சாரத்தில் எதிர்பாராத ஏற்ற இறக்கம் தெரிந்தால் கார் தானாக மின்னோட்டத்தை 25 சதவீதம் குறைத்துக்கொள்ளும். இரண்டாவது, வெப்ப ஃபியூஸ் வைத்த புது அடாப்டர். இந்த 25 சதவீதம் என்ற எண்ணைக் கவனியுங்கள். இருமடிக் கணக்கின்படி மின்னோட்டம் கால் பங்கு குறைந்தால் இணைப்பில் பிறக்கும் வெப்பம் ஏறக்குறைய 44 சதவீதம் குறைந்துவிடும். சின்ன விட்டுக்கொடுப்பில் பெரிய பலன்.

2018 ஆகஸ்டில் ஃபோர்டு சுமார் 50,500 கேபிள்களைத் திரும்ப அழைத்தது. ஃபோகஸ் எலக்ட்ரிக், ஃப்யூஷன் எனர்ஜி, சி-மேக்ஸ் எனர்ஜி கார்களோடு கொடுத்த 120 வோல்ட் கேபிள்கள் அவை. நிறுவனம் சொன்ன காரணத்தைப் பாருங்கள்: தனி லைன் இல்லாத, அல்லது பழுதான, தேய்ந்த, துருப்பிடித்த சாக்கெட்டில் செருகினால் சுவர் சாக்கெட்டின் சூடு ஏறித் தீப்பிடிக்கலாம். அதாவது குறையின் பாதி வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஆனால் யார் வீட்டுச் சுவர் எப்படி இருக்கும் என்று கார் நிறுவனத்தால் கட்டுப்படுத்த முடியாது. அதனால் பிளக்குக்கே உணர்வு கொடுத்தார்கள். புதுக் கேபிளின் பிளக்கில் தெர்மிஸ்டர் என்ற சிறு வெப்ப உணரி இருக்கும், சூடு அதிகமானால் சார்ஜிங்கை நிறுத்தும், ஆறியதும் மறுபடி தொடங்கும். நல்ல வேலை என்றே சொல்வேன். பழியைச் சாக்கெட் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம், இருக்கவில்லை.

இடையில் 2016 நவம்பரிலும் டெஸ்லா, நேமா 14-30, 10-30, 6-50 அடாப்டர்களைத் திரும்ப வாங்கியது. அந்த முறை 14-30 அடாப்டர் வைத்திருந்தவர்களிடம், மாற்று வரும்வரை பயன்படுத்தவே வேண்டாம் என்று சொன்னார்கள்.

ஆக, ரீகால் அறிவிப்பு எல்லாம் ஒன்றல்ல. சிலது "உடனே நிறுத்து" என்று சொல்லும். சிலது மின்னோட்டத்தைக் குறைத்து ஓட்டச் சொல்லும். உங்கள் அறிவிப்பில் எது இருக்கிறதோ அதன்படி நடங்கள், நண்பர் சொன்னதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். காரின் 17 எழுத்து வின் எண்ணை (ஒவ்வொரு காருக்கும் தனியாக உள்ள அடையாள எண்) நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். அதோடு நிற்காமல் கேபிளின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒட்டியிருக்கும் பாக எண், வரிசை எண், தயாரிப்புத் தேதி மூன்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காரைப் பழையதாக வாங்கியவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம், ஏனென்றால் ரீகால் கடிதம் முதல் உரிமையாளரின் முகவரிக்கே போய்க்கொண்டிருக்கலாம். கேபிளைத் தனியாக வாங்கியவர்களின் நிலை இன்னும் மோசம். அந்தக் கேபிள் எந்தக் காரின் எண்ணோடும் பிணைக்கப்பட்டிருக்காது, வாங்கியபோது பதிவு செய்யாவிட்டால் உங்களைத் தேடி யாராலும் வர முடியாது.

உங்கள் விஷயத்தில் அறிவிப்பு என்ன சொன்னாலும் ஒன்று மாறாது. பிளக் ஏற்கெனவே கை வைக்க முடியாதபடி சுடுகிறது. அதனால் குறைந்த மின்னோட்டத்தில்கூட அதே சாக்கெட்டில் போடாதீர்கள்.

பழைய கேபிளைப் பற்றி ஒரு வேண்டுகோள். கருகிய பிளக்கை வெட்டிவிட்டு ஒரு சாதாரண பிளக்கை மாட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். இந்தக் கேபிள்களுக்கென்றே ஐஇசி 62752 என்ற தரநிலை இருக்கிறது. வார்த்த பிளக்குக்குள் வெப்ப உணரி வைத்த கேபிளில் நீங்கள் வெட்டி எறிவது உங்களைப் பாதுகாக்க அங்கே வைத்த ஒரே கண்ணை. யாருக்கும் கொடுக்கவும் விற்கவும் வேண்டாம், நிறுவனம் கேட்டால் திருப்பிக் கொடுங்கள்.

இனி சாக்கெட். என் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். மெயின் போர்டிலிருந்து வேறெதுவும் சேராத தனி லைன் இழுத்தோம், தனி எம்சிபி, தனி ஆர்சிசிபி. பிறகு சாக்கெட்டையே விட்டுவிட்டு ஒயரை நேராக உள்ளே முடுக்கும் சுவர் சார்ஜருக்கு மாறினேன். சுவர்ப் பக்கம் செருகி எடுக்கும் இடமே இல்லாதபோது தளர ஒரு ஸ்பிரிங் குறைகிறது. ஸ்குரூக்கள் அங்கும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. அவற்றை எவ்வளவு முடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் ஓர் அளவு கொடுத்திருப்பார், அந்த அளவுக்கு டார்க் ஸ்குரூடிரைவரால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்குரூடிரைவர்) முடுக்கச் சொல்லுங்கள். "கை பிடிக்கிற அளவு" போதாது. மெல்லிய இழைகளால் ஆன ஒயர் என்றால் முனையில் ஃபெரூல் என்ற சிறு உலோகக் குழாயைப் போட்டு அழுத்திய பிறகே உள்ளே விட வேண்டும். சில வாரம் கழித்து ஒருமுறை லைனை அணைத்து மறுபடி சரிபார்க்கச் சொல்வது நல்லது, செம்பு அழுத்தத்தில் கொஞ்சம் அமர்ந்து கொடுக்கும்.

சாக்கெட்டிலேயே தொடர்வதானால் தொடர் லோடுக்கென்று செய்த கனத்த சாக்கெட்டாகப் போடுங்கள். காரிலோ பெட்டியிலோ மின்னோட்டத்தைக் குறைக்கும் வசதி இருந்தால், 16-லிருந்து 10 ஆம்பியருக்கு இறக்குங்கள். சார்ஜ் ஏற நேரம் கூடும், ஆனால் இணைப்பில் வெப்பம் 60 சதவீதம் குறையும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது, அது இன்னும் இரண்டு மூன்று இணைப்புகளைக் கூட்டுகிறது. கேபிளைச் சுருட்டிவைத்தபடி ஓட்டாதீர்கள், உள்வளையங்களின் சூட்டுக்குப் போக வழி இருக்காது. கட்டுப்பாட்டுப் பெட்டியை பிளக்கிலிருந்து தொங்கவிடாமல் ஒரு கொக்கியில் மாட்டுங்கள். அந்த எடை நாள்தோறும் பிளக்கைக் கீழே இழுத்து ஒரு பக்கப் பிடிப்பைத் தளர்த்துகிறது. என் சாக்கெட் கெட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

இன்னொன்று, நிறையப் பேர் கவனிக்காதது. கார்ப் பக்கம் கனெக்டரை எடுக்கும்போது முதலில் மின்னோட்டம் நின்று, பிறகுதான் அது கழன்று வரும்படி அமைத்திருக்கிறார்கள். சுவர்ப் பக்கம் அப்படி எதுவும் கிடையாது. ஓடும்போதே உருவினால் பொறி பறக்கும், ஒவ்வொரு பொறியும் பித்தளையில் ஒரு குழியை விட்டுப்போகும். மேலே நிறுத்தும் வரிசையை நான் சொன்னது அதற்காகத்தான்.

சூட்டை எப்படி எடைபோடுவது? கேபிள் முழு நீளத்துக்கும் சீராக வெதுவெதுப்பாக இருந்தால், பெட்டி லேசாகச் சூடாக இருந்தால், கவலை வேண்டாம். ஒரே இடத்தில் குவிந்த சூடு, அதிலும் பிளக்கின் ஒரு முனையில் மட்டும் சூடு என்றால் இணைப்பு கெட்டிருக்கிறது. நிறுத்தி உருவியபின் பித்தளை முனைகளைப் பாருங்கள். ஒன்று பளபளப்பாகவும் மற்றது நீலமோ கறுப்போ பாய்ந்தும் இருந்தால், அந்தப் பக்கத்து ஸ்பிரிங்தான் போய்விட்டது. முனை கெட்ட பிளக்கை நல்ல சாக்கெட்டில் செருகினால் அதையும் கெடுக்கும், நல்ல பிளக்கைக் கெட்ட சாக்கெட் கெடுக்கும். அதனால் ரீகாலில் புதுக் கேபிள் வந்த நாளிலேயே அதைப் பழைய சாக்கெட்டில் போட்டுப் பார்க்காதீர்கள். சாக்கெட்டை மாற்றிய பிறகே முதல் முறை செருகுங்கள், முதல் ஒரு மணி நேரம் பக்கத்தில் இருந்து பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சாக்கெட்டின் முகப்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

உங்கள் பிளக்கின் இரண்டு முனைகளும் எப்படி இருக்கின்றன, வீட்டில் லைன் எத்தனை ஆம்பியர், கேபிளை எத்தனை ஆம்பியரில் வைத்திருந்தீர்கள் என்று கருத்தில் எழுதினால் அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்க்கலாம். அதுவரை வெளியே எங்காவது சார்ஜ் செய்துகொள்ளுங்கள்.