மகன் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறேன் என்கிறானா?

அம்மா, கடலூர் முதுநகரிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். பிளஸ் டூ முடித்த பிள்ளை சிப்காட்டில் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறேன் என்கிறான், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று கலங்கியிருக்கிறீர்கள். ஊர்ப் பேச்சை விடுங்கள். பயிற்சியே கொடுக்காமல், யூனிஃபார்மை மாட்டி கேட்டில் நிறுத்தும் ஏஜென்சியிடம் அவன் சிக்கிவிடக் கூடாது; என் கவலை அதுதான்.

இந்தத் தொழிலுக்கென்று 2005-இலேயே மத்திய அரசு சட்டம் கொண்டுவந்துவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் ஏஜென்சி நடத்த முடியாது. அந்த லைசென்ஸை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்க வேண்டும். சேரப் போகும் அன்று நீங்களும் கூடப் போய், அது இருக்கிறதா என்று பாருங்கள். முன்பணம் கேட்டால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

அடுத்து பயிற்சி. அந்தச் சட்டத்தையொட்டி மத்திய அரசு வெளியிட்ட மாதிரி விதிகளின்படி 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப்பயிற்சி, குறைந்தது 20 வேலை நாட்கள். தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது, அடையாள அட்டையைச் சரிபார்ப்பது எல்லாம் அதில் வரும். இதை வெறும் சடங்கு என்று நினைக்காதீர்கள். சிப்காட் இருக்கும் குடிகாடு பக்கம் இருப்பவை ரசாயன ஆலைகள். ராத்திரி ஷிஃப்டில் வாயு கசிந்தால், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாக ஆட்களை அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன் தன் உயிரையும் சேர்த்தே பணயம் வைக்கிறான்.

போலீஸ், ராணுவ உடை மாதிரி தெரியும் யூனிஃபார்ம் கொடுத்தால் போடக் கூடாது என்று மகனிடம் சொல்லிவையுங்கள். அது தண்டனைக்குரிய குற்றம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் சம்பளச் சீட்டில் மாதாமாதம் வருகிறதா என்று அவனே பார்க்கட்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினால் ஓவர்டைம் கேட்கத் தயங்க வேண்டாம்.

இதிலேயே மேலே வர நினைத்தால் ஊர்க்காவல் படைக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதில் பணியாற்றியவர்களுக்கு ஏஜென்சிகள் முன்னுரிமை தரலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

செக்யூரிட்டி வேலைக்கு ஆண்களுக்கு உயரம் 160 செ.மீ. வேண்டும், நிறக்குருடு இருக்கக் கூடாது. பணம், நேரம் எதையும் செலவழிக்கும் முன், இந்த வாரமே கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் அவன் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள்.