69 கமாரோல 3 ஸ்பீடு ஆட்டோமேட்டிக்கை எடுத்துட்டு ஓவர்டிரைவ் பாக்ஸ் போடலாம்னு இருக்கேன், எது சரியா வரும்?

கேட்டவர் குடுத்த விவரம் இது. 1969 கமாரோ, 350 வி8, லேசா சூடான கேம் (வால்வை ஸ்டாக்கைவிட அதிகமாத் திறக்கற கேம்ஷாஃப்ட்), கார்புரேட்டர், பழைய டி.ஹெச்.350 ஆட்டோமேட்டிக், பின்னாடி 3.73 ஆக்ஸில், 26 இன்ச் டயர். சிக்னல்ல பறக்குது, ஆனா ஹைவேல 70 மைல் வேகத்துல போனா பக்கத்துல உக்காந்திருக்கறவங்ககிட்ட பேசவே முடியல, பெட்ரோலும் தண்ணியா போகுது. கேட்ட எல்லாரும் 700ஆர்4ங்கற ஜி.எம் 4 ஸ்பீடு ஓவர்டிரைவ் ஆட்டோமேட்டிக்கைப் போடுங்கறாங்க, போடலாமான்னு கேக்கறார்.

என்கிட்ட 72 நோவா இருக்கு, டெக்சாஸ் வெயில்ல ஓடுற வண்டி. அந்த நோவாவும் உங்க கமாரோவும் முன்பக்கம் கிட்டத்தட்ட ஒரே சப்ஃபிரேம்தான், அதனால இந்த வேலையில நான் பட்டது பெரும்பாலும் உங்களுக்கும் பொருந்தும். உங்க வண்டிக்கு நான் 700ஆர்4 போட மாட்டேன், அதே மாதிரி இன்னொரு ஜி.எம் 4 ஸ்பீடு பாக்ஸான 200-4ஆர் போடுவேன்.

முதல்ல ஒரு கணக்கு போட்டுருவோம், பாக்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி இதைப் போடாம யாரும் பர்ஸைத் திறக்கக் கூடாது. மைல் வேகத்தை ஆக்ஸில் ரேஷியோவால பெருக்கி, டாப் கியர் ரேஷியோவாலயும் பெருக்கி, 336ஆல பெருக்கி, டயர் விட்டத்தால வகுத்தா இன்ஜின் ஆர்.பி.எம் வந்துரும். உங்களுக்கு இப்ப டாப் கியர் 1.00, அப்ப 70 மைல்ல 3370 சொச்சம், கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியா பாக்ஸுக்குக் கடத்தறது) ஸ்லிப்பும் சேர்ந்தா இன்னும் கொஞ்சம் மேல. 700ஆர்4 நாலாவது கியர் 0.70 (1.00க்குக் கீழ, அதுதான் ஓவர்டிரைவ்), அதுல 2360 ஆகும். 200-4ஆர்ல 0.67, அதுல 2260. ரெண்டுமே ஹைவேக்கு அருமை, நூறு ஆர்.பி.எம் வித்தியாசத்துக்காக யாரும் சண்டை போட வேண்டியதில்ல.

சண்டை முதல் கியர்லதான். டி.ஹெச்.350க்கு முதல் கியர் 2.52, அதை 3.73ஆல பெருக்குனா 9.4. நீங்க இப்ப சிக்னல்ல பறக்குதுன்னு சொல்றது இந்த 9.4தான். 700ஆர்4க்கு முதல் கியர் 3.06, 3.73 ஆக்ஸிலோட சேர்ந்தா 11.4 ஆயிடும், டயர் சும்மா சுத்தும், கார் நகர்றதுக்குள்ள முதல் கியர் முடிஞ்சிரும். அப்புறம் ரெண்டாவது 1.63, அதாவது 5500ல கியர் மாறினா இன்ஜின் 2930க்கு தொப்புன்னு விழும், கேம் போட்ட இன்ஜினுக்கு அந்த இடத்துல மூச்சே வராது. இப்ப உங்க பாக்ஸ்ல அதே 5500லேருந்து 3300க்குத்தான் இறங்குது. 200-4ஆர்ல முதல் 2.74, ரெண்டாவது 1.57, அது 3150க்கு இறங்கும். நடுவுல நிக்குது, ஆனா ஓட்டிப் பாத்தா பழைய பாக்ஸ் மாதிரிதான் இருக்கும், கூட ஒரு கியர் இருக்கு அவ்வளவுதான்.

அப்ப 700ஆர்4 மோசமான்னா இல்ல. உங்க ஆக்ஸில் 3.08ஆ இருந்திருந்தா நானே அதைத்தான் சொல்லியிருப்பேன், ஏன்னா 3.06ஐ 3.08ஆல பெருக்குனா அதே 9.4 வருது, ஆக்ஸில் மாத்தாமலே 3.73 போட்ட வண்டி மாதிரி கிளம்பும். ஆனா அதுலயும் 70 மைல்ல 1950 ஆர்.பி.எம்லதான் நிக்கும், ஸ்டாக் கேம்னா ஓகே, உங்க கேமுக்கு அது இழுத்துப் பிடிச்ச மாதிரி இருக்கும். 2.73 ஆக்ஸில் வச்சிருக்கறவங்க ஓவர்டிரைவ் போட்டா 1730ல போகும், அது வேஸ்ட், அவங்க முதல்ல ஆக்ஸிலைத்தான் பாக்கணும். பாக்ஸையும் ஆக்ஸிலையும் தனித்தனியா யோசிக்கறதுதான் பாதி பேர் பண்ற தப்பு.

200-4ஆர் பக்கம் சாயறதுக்கு எனக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஆறு இன்ச் வால் (பின்பக்கக் கூடு) இருக்கற டி.ஹெச்.350ம் இதுவும் நீளம் கிட்டத்தட்ட ஒண்ணு, 27 முக்கால் இன்ச் கிட்ட. அவுட்புட் ஷாஃப்ட்ல 27 ஸ்ப்லைன் (பல் வரி), அதுவும் ஒண்ணு. ஆக உங்க ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்ட வேணாம், யோக் (அந்த ஷாஃப்ட் முனையில பாக்ஸோட சேர்ற பாகம்) மாத்த வேணாம். மவுண்ட் மட்டும் ஆறு இன்ச்சுக்கு மேல பின்னாடி போயிரும், டி.ஹெச்.400ங்கற பெரிய ஆட்டோமேட்டிக்குக்கு இருக்கற இடத்துக்கு, அதனால கிராஸ்மெம்பரை (பாக்ஸைத் தாங்கற குறுக்குச் சட்டம்) நகர்த்தணும் இல்ல அதுக்குன்னே விக்கறதை வாங்கணும். 700ஆர்4ன்னா மூணு இன்ச் நீளம் ஜாஸ்தி, ஷாஃப்ட்டைக் குறைச்சு பேலன்ஸ் பண்ணிட்டு வரணும்.

பலம் பத்திக் கேப்பீங்க. 1986, 87 ப்யூக் கிராண்ட் நேஷனல்னு ஒரு கறுப்பு வண்டி, 3.8 லிட்டர் டர்போ வி6, அதுல கம்பெனியே போட்டது இந்த 200-4ஆர்தான். அந்த பாக்ஸோட கோடு பி.ஆர்.எஃப், மான்டி கார்லோ எஸ்.எஸ்ல வந்தது சி.இசட்.எஃப். அந்த கோடு இருக்கற தகட்டைக் காட்டியே கண்டபடி விலை சொல்றாங்க, எப்படியும் உள்ள எல்லாத்தையும் மாத்தித்தான் போடப்போறோம், அப்புறம் தகடு எதுக்கு? சாதா கட்லஸ், கப்ரீஸ் வண்டியிலேருந்து எடுத்த கேஸ் போதும், கவர்னரும் வால்வு பாடியும் உங்க இன்ஜினுக்கு ஏத்த மாதிரி செட் பண்ணிக்கலாம், பம்ப்ல கெட்டிப்படுத்துன ரிங் கட்டாயம் போடச் சொல்லுங்க. பெல் ஹவுசிங்லயும் (இன்ஜினோட போல்ட் ஆகுற முன்பக்கக் கூடு) கவலை இல்ல, பெரும்பாலான 200-4ஆர்ல செவர்லே போல்ட் ஓட்டையும் ப்யூக், ஓல்ட்ஸ், போன்டியாக் ஓட்டையும் சேர்ந்தே இருக்கும். 700ஆர்4 வாங்கறவங்கதான் உஷாரா இருக்கணும், சின்ன 2.8 வி6ல வந்தது வி8ல உக்காராது, 1982லேருந்து 84 வரைக்கும் வந்ததுல இன்புட் ஷாஃப்ட் 27 ஸ்ப்லைன், அதுவும் வேணாம், 87க்கு அப்புறம் வந்ததாப் பாத்து எடுக்கணும்.

4எல்60இ, 4எல்80இன்னு வர்ற எலக்ட்ரானிக் ஓவர்டிரைவ் பாக்ஸ்ங்க பத்தியும் ஒரு வார்த்தை. ரெண்டும் கம்ப்யூட்டர் இல்லாம ஓடாது, கார்புரேட்டர் வண்டில தனி கன்ட்ரோலரும் த்ராட்டில் சென்சாரும் மாட்டணும். 4எல்80இ டி.ஹெச்.400க்குப் பொறந்த புள்ளை, கல்லு மாதிரி, ஆனா உருவம் பெருசு, ஃப்ளோர் டன்னல்ல கைவைக்க வேண்டி வரும். 500 குதிரைக்கு மேல போற எண்ணம் இருந்தா பேசுவோம்.

இப்ப முக்கியமான விஷயம். இந்த பாக்ஸ்ங்க உடையறது பவரால கம்மி, டி.வி கேபிளால (த்ராட்டில் வால்வு கேபிள்) ஜாஸ்தி. உங்க டி.ஹெச்.350ல இருக்கற கேபிள் கிக்டவுனுக்கு மட்டும்தான், அது அறுந்தாலும் வண்டி ஓடும், உள்ள பிரஷரைப் பாத்துக்கறது வேக்குவம் மாடுலேட்டர். 200-4ஆர்லயும் 700ஆர்4லயும் மாடுலேட்டரே கிடையாது, ஆக்ஸிலேட்டர் எவ்வளவு அழுத்தியிருக்கோம்னு உள்ள சொல்றதே அந்த கேபிள்தான், அதை வச்சுத்தான் ஆயில் பிரஷர் ஏறும். கேபிள் லூஸா இருந்தா நீங்க மிதிக்கும்போது பிரஷர் பத்தாம கிளட்ச் வழுக்கும், வழுக்குனா எரியும், புது பாக்ஸ்கூட சீக்கிரத்துல கரி ஆயிடும். அதுலயும் ஹோலி, எடல்பிராக் கார்புரேட்டர்ல லீவர் அளவு வேற, கேபிள் சரியான தூரம் இழுபடாது, அதுக்குன்னு கரெக்டர் பிராக்கெட் விக்குது, அதை வாங்காம பாக்ஸை மாட்டவே மாட்டாதீங்க.

அட்ஜஸ்ட் பண்றது கஷ்டமில்ல. இன்ஜின் ஆஃப்ல இருக்கணும். கேபிள் முனையில ஒரு சின்ன பட்டன் மாதிரி இருக்கும், அதை அழுத்திக்கிட்டே ஸ்லைடரை ஃபயர்வால் பக்கமா முட்டற வரைக்கும் தள்ளுங்க, பட்டனை விட்டுட்டு த்ராட்டில் லீவரை கையால முழுசாத் திறங்க, டிக் டிக் டிக்னு பல்லு ஏறுற சத்தம் கேக்கும், அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒருத்தரை உள்ள உக்காரவச்சு பெடலை அடிவரைக்கும் மிதிக்கச் சொல்லி, லீவர் முழுசாத் திறக்குதான்னு கண்ணால பாருங்க, கார்பெட் மடிஞ்சு பெடலைத் தடுத்தாக்கூட கணக்கு தப்பும். முடிஞ்சா பாக்ஸ்ல இருக்கற பிரஷர் போர்ட்ல ஒரு கேஜ் மாட்டி, கேபிளை இழுக்க இழுக்க முள்ளு ஏறுதான்னு பாத்துருங்க. ஒரு கடைல "காது கேட்டே செட் பண்ணிடுவோம் சார்"னாங்க, நான் சாவியைத் திருப்பி வாங்கிட்டேன்.

அடுத்தது லாக்கப். கன்வெர்ட்டருக்குள்ள ஒரு கிளட்ச் இருக்கு, நாலாவது கியர்ல அது பிடிச்சாத்தான் ஸ்லிப் நிக்கும், ஆர்.பி.எம் இன்னும் ஒரு இருநூறு வரைக்கும் குறையும், அதைவிட முக்கியம் சூடு குறையும். கம்ப்யூட்டர் இல்லாத வண்டிக்கு நாலாவது கியர் பிரஷர் ஸ்விட்ச், பிரேக் பெடல் ஸ்விட்ச், ஒரு வேக்குவம் ஸ்விட்ச் வச்ச கிட் கிடைக்குது. பழைய வண்டிக்கு எதுக்கு இதெல்லாம்னு வயரே குடுக்காம விட்டுடறாங்க, அப்புறம் ஆகஸ்ட் மாசம் டிப்ஸ்டிக்கை உருவினா ஆயில் பிரவுனா, தீஞ்ச வாடையோட வரும். கூலரும் தனியா போடுங்க, ரேடியேட்டருக்குள்ள இருக்கறதைத் தாண்டி வெளியில ஒண்ணு சீரீஸா, பழைய லைனை ஃப்ளஷ் பண்ணிட்டு. கன்வெர்ட்டர் ஸ்டால் (வண்டியை நிறுத்திப் பிடிச்சு மிதிச்சா இன்ஜின் ஏறக்கூடிய ஆர்.பி.எம்) உங்க கேமுக்கு 2000, 2200 போதும், 3000 எல்லாம் ரேஸ் ட்ராக்குக்கு.

ஸ்பீடோமீட்டர் கேபிள் அப்படியே ஏறும், கியர் பல்லு மட்டும் மாத்தணும். ஒரிஜினல் ஹார்ஸ்ஷூ ஷிஃப்டர் இருந்தா தூக்கிப் போட்டுராதீங்க, நாலு கியருக்கு டிடென்ட் (லீவர் ஒவ்வொரு கியர்லயும் நிக்கற பள்ளம்) மாத்தற கிட் வருது.

எல்லாம் மாட்டினதும் ஹைவேக்குப் போயி 55 மைல்ல ஓவர்டிரைவ்ல லேசா மிதிச்சுக்கிட்டே, இடது காலால பிரேக் பெடலை மெதுவா, லைட் எரியற அளவுக்கு மட்டும் தொடுங்க. டேக்கோமீட்டர் கொஞ்சம் ஏறி, காலை எடுத்ததும் இறங்கினா லாக்கப் வேலை செய்யுது. முள்ளு அசையவே இல்லன்னா முதல்ல வயரையும் ஃப்யூஸையும் பாருங்க, பாக்ஸை இறக்கணும்னு எவனாவது சொன்னா ஒத்துக்காதீங்க.