பழைய மோட்டார்ஹோமுக்கு சோலார் போதுமா?

கேள்வி: மெல்பர்ன்ல 1994 மாடல் மோட்டார்ஹோம் (உள்ளயே தங்கி, சமைச்சு, தூங்குற மாதிரி வீட்டு வசதி இருக்குற வண்டி) ஒண்ணு வாங்கியிருக்கோம். 200 வாட் சோலார் பேனல் போட்டா ஃபிரிட்ஜ், லைட் எல்லாத்துக்கும் பத்துமா சார்?

பதில்: லைட், ஃபோன் சார்ஜ், தண்ணி பம்ப்புக்கு தாராளமா பத்தும்ங்க. சிக்கலே ஃபிரிட்ஜ்தான். அந்தக் காலத்து வண்டின்னா அனேகமா கேஸ், 12 வோல்ட், 240 வோல்ட் மூணுலயும் ஓடுற த்ரீ-வே ஃபிரிட்ஜா இருக்கும், அது 12 வோல்ட்ல 10 ஆம்பியருக்கு மேலயே இழுக்கும், உங்க பேனல் நல்ல உச்சி வெயில்லயே கிட்டத்தட்ட அவ்ளோதான் குடுக்கும், அப்புறம் பேட்டரிக்கு என்ன மிஞ்சும் சொல்லுங்க? அதனால வண்டி நிக்கும்போது ஃபிரிட்ஜ கேஸ்ல ஓட்டுங்க.

ஜூன், ஜூலைல அங்க குளிர்காலம், வெயில் சாய்வா விழும், கூரையில படுக்க வச்ச பேனல்ல கரண்ட் ரொம்பவே குறையும்.

முக்கியமா, ஓட்டை போடுறதுக்கு முன்னாடி கூரைய கையால அமுக்கிப் பாருங்க, மெத்துனு உள்ள போனா அடியில மரம் ஊறிப்போயிருக்கு, அத சரி பண்ணாம பேனல ஏத்தாதீங்க ப்ளீஸ். பேட்டரி பக்கத்துலயே ஒரு ஃப்யூஸ் கண்டிப்பா வேணும். லித்தியம் பேட்டரி மாத்துற ஐடியா இருந்தா பழைய சார்ஜரையும் சேத்தே மாத்திடுங்க.