முடி இருக்கட்டும், முதலில் அந்த வாந்தி

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பாரிஸ் புறநகருக்கு வந்து மூன்று மாதமாகிறது என்று எழுதியிருக்கிறாய். எட்டு மாதத்துக்கு முன் சென்னையில் ஸ்லீவ் அறுவை, அதாவது எடை குறைக்க இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது. கொண்டுவந்த சத்து மாத்திரைகள் இன்னும் பத்து நாளைக்குத்தான் வரும், அதே பெயரில் இங்கே எதுவும் இல்லை, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, ஊரிலிருந்து பார்சல் அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்கிறாய். அக்கா என்று அழைத்துவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், போகிற போக்கில், "பத்து நாளாகச் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகிவிடுகிறது, இந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறாய். அதைத்தான் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்.

பி1 என்கிற தயாமின் நம் உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும். வயிற்றில் எதுவும் தங்காவிட்டால் அது வற்றிவிடும். வற்றினால் அடிபடுவது மூளை. பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரிவது, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பிரான்சின் அவசர மருத்துவ எண் 15-ஐ அழைத்துவிடு, காலை வரை காத்திருக்காதே. அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் நாளைக்கே ஒரு மருத்துவரைப் பார். இரைப்பை அறுவை ஆனவள் என்பதையும், பத்து நாளாக வாந்தி என்பதையும் வாய் திறந்ததும் சொல்லிவிடு. குளுக்கோஸ் ஏற்றப் போனால், முன்னதாக பி1 போட வேண்டுமே என்று நீயே கேள். பி1 இல்லாத உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகும். மருத்துவரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்காதே, கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வாந்திக்குக் காரணம் இரைப்பைக் குழாய் குறுகியதாக இருக்கலாம், புளித்த நீர் மேலேறுவதாக இருக்கலாம். நாள் தள்ளியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். அறுவைக்குப் பிறகு ஒன்று, ஒன்றரை வருடம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். உனக்கும் சொல்லியிருப்பார்கள், மாமியாரிடம் யார் சொல்வது என்பது வேறு கதை.

இனி மாத்திரை.

பார்சல் வேண்டாம். தபாலில் வரும் மருந்து சுங்கத்தில் நின்றுவிடலாம். நின்றால் அதற்கு நீ எழுத வேண்டிய பிரெஞ்சுக் கடிதத்துக்கு உன் பிரெஞ்சு இன்னும் போதாது. அதோடு நீ தேட வேண்டியது பெயரை அல்ல, அளவை. ஊர் மாத்திரைப் பட்டையின் பின்புறத்தில் எது எத்தனை மில்லிகிராம், எத்தனை மைக்ரோகிராம் என்று இருக்கும். அதைப் படம் எடுத்து, அறுவை அறிக்கையோடு சேர்த்து பச்சைச் சிலுவை விளக்கு எரியும் ஏதாவதொரு பார்மசியில் காட்டு. அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையான கார்த் வித்தால் இன்னும் வரவில்லை என்றால், மருத்துவருக்குப் பணம் கட்டிவிட்டு அவர் தரும் பழுப்புக் காகிதத்தைப் பத்திரப்படுத்து, பிறகு காப்பீட்டில் பணம் கேட்க உதவும். இரும்பு, டி வைட்டமின் போன்றவை மருந்துச் சீட்டில் இருந்தால் அரசுக் காப்பீடு பங்கு தரும். பல சத்துகள் சேர்ந்த மாத்திரைக்குப் பொதுவாகத் தராது, அதற்கு மியுத்துவெல் என்கிற துணைக் காப்பீடு ஏதாவது கொடுக்கிறதா என்று கேள். (எங்கள் அம்மாவுக்கு அது வாயில் நுழையாமல் முத்துவேல் ஆகிவிட்டது. "மருந்துக்குப் பணம் தருகிறாரே, நல்ல மனிதர்" என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.)

சூப்பர் மார்க்கெட் அலமாரியில் அழகான டப்பாவில் 100 சதவீதம் என்று போட்டிருக்கும், அதில் ஏமாந்துவிடாதே. அந்த நூறு முழு இரைப்பை உள்ளவர்களுக்கான நூறு. ஐரோப்பியக் கணக்கில் பி12 வெறும் 2.5 மைக்ரோகிராம், இரும்பு 14 மில்லிகிராம். நம்மைப் போன்றவர்களுக்கு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு, பி12 தினம் 350 முதல் 1000 மைக்ரோகிராம், மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம், கால்சியம் உணவோடு சேர்த்து 1200 முதல் 1500 மில்லிகிராம். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், பி12-ஐக் கைப்பிடித்துக் குடல் வரை கூட்டிப்போகும் ஒரு பொருள் இரைப்பைச் சுவரில்தான் சுரக்கிறது. உன் இரைப்பையில் முக்கால் பங்கு போய்விட்டது, அமிலமும் குறைந்துவிட்டது. எனக்கு நடந்தது இரைப்பை பைபாஸ், இரும்பும் கால்சியமும் உறிஞ்சப்படும் முன்குடலையே சுற்றிக்கொண்டு போகிறது சாப்பாடு. மாத்திரையில் பி12 ஏறாவிட்டால் ஊசி. பிரான்சில் சீட்டு இருந்தால் செவிலியர் வீட்டுக்கே வந்து போட்டுவிட்டுப் போவார்.

இரும்புக் கதையை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நான் சொல்தா வீட்டுப் பெண், அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் குடும்பம், புதுச்சேரி முத்தியால்பேட்டை. 2013-ல் பாரிசில் பைபாஸ் செய்துகொண்டேன். 2017-ல் அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று ஊருக்குப் போய் ஐந்து மாதம் தங்கினேன். மாத்திரைப் பெட்டி சூட்கேசிலேயே கிடந்தது, நினைவு வந்த நாளில் ஒன்றை எடுத்து விடியற்காலை டிகிரி காபியோடு விழுங்குவேன். காபியும் டீயும் இரும்பை உள்ளே விடாது என்று படித்திருந்தும்தான். ஒருநாள் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே ஒரு பிடி, இன்னொரு பிடி என்று வாயில் போட்டுக்கொண்டிருக்கிறேன். "அரிசியைத் தின்னாதேடி, கல்யாணத்தன்று மழை கொட்டும்" என்று அம்மா கையைத் தட்டிவிட்டார். எனக்குக் கல்யாணமாகி அப்போது பதினேழு வருடம். இருவரும் சிரித்தோம். ஆனால் பச்சரிசி நெடிக்காக இரண்டு வாரமாகவே நான் அடுக்களையைச் சுற்றிக்கொண்டிருந்தேன், ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தேன். நகம் நடுவில் பள்ளம் விழுந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தங்கும் போலிருந்தது. இரத்தத்தைக் கொடுத்துப் பார்த்தால், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் பெரிட்டின் வெறும் 6. பாரிஸ் திரும்பியதும் நரம்பு வழியாக இரும்பு ஏற்றினார்கள். உனக்கும் எதையாவது பச்சையாகக் கடிக்கத் தோன்றினால் அதை ஆசை என்று விட்டுவிடாதே.

இப்போது நான் செய்வது இதுதான். காபி காலையில், அதற்கு மரியாதை உண்டு. கால்சியத்தை 500, 600 என்று உடைத்துக் காலையிலும் மதியத்திலும் மாலையிலும் எடுக்கிறேன், ஒரேயடியாகப் போட்டால் உடம்பு ஏற்காது. சிட்ரேட் என்று கேட்டு வாங்கு, கார்பனேட்டுக்கு அமிலம் வேண்டும், அது உன்னிடம் குறைவு. இரும்பு தனியாக, படுக்கப்போகும்போது, எலுமிச்சைச் சாற்றோடு. கால்சியத்துக்கும் இரும்புக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி. இரண்டும் பங்காளிகள், ஒரே பந்தியில் உட்கார வைக்கக் கூடாது. ஊரிலிருந்து பேரீச்சம்பழம் சாப்பிடச் சொல்வார்கள். நூறு கிராமில் ஒரு மில்லிகிராம் அளவுதான் இரும்பு, மிச்சமெல்லாம் சர்க்கரை. முட்டை, மீன், ஈரல் தேவலை. பாரிசில் தமிழர் கடைகள் இருக்கும் லா சப்பலில் நெத்திலி, கேழ்வரகு மாவு எல்லாம் கிடைக்கும்.

முடி கொட்டுவது வேகமாக எடை இறங்கியதாலும் இருக்கும், அது அநேகமாகத் திரும்ப முளைக்கும். எட்டு மாதத்துக்குப் பிறகும் நிற்கவில்லையென்றால் இரும்பு, துத்தநாகம், புரதம் மூன்றையும் பார்க்கச் சொல். துத்தநாகத்தை மட்டும் இஷ்டத்துக்கு வாங்கி விழுங்காதே, அது தாமிரத்தைக் கீழே தள்ளும்.

இரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்ததும் எண்ணைப் பார்த்து மகிழ்வதற்கு முன் அலகைப் பார். ஊரில் டி வைட்டமினை நானோகிராமில் தருவார்கள், 30-க்கு மேல் இருந்தால் சரி. பிரான்சில் சில இடங்களில் நானோமோலில் வரும், அதில் 75 இருந்தால்தான் அந்த 30. முதல் குளிர்காலத்தில் எனக்கு 62 என்று வந்தது, இரட்டிப்பாகிவிட்டது என்று அம்மாவுக்குப் போன் செய்து பெருமையடித்தேன். கணக்குப் போட்டால் 25 கூட இல்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பாரிஸ் வெயில் தோலில் டி வைட்டமினை உண்டாக்காது, நம் நிறத்துக்குக் கோடையிலும் அதிக நேரம் வேண்டும். சில்வர் பீச்சில் நீ வாங்கிய வெயிலின் இருப்பு இந்த வருடத்தோடு சரி. முதல் வருடத்தில் மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில் பரிசோதனை, பிறகு வருடம் ஒருமுறை, ஆயுளுக்கும். உன் ஆறாம் மாதத்துப் பரிசோதனை விமானப் பயணத்தில் தவறிப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் இப்போது முத்தியால்பேட்டையில் இருக்கிறேன், ஆகஸ்ட் கடைசியில் திரும்புவேன். இந்த முறை மாத்திரைப் பெட்டி அம்மாவின் வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, நான் மறந்தால் அவர் விடமாட்டார். மருத்துவர் என்ன சொன்னார் என்று நாளைக்கு இரவுக்குள் எழுது.