கணினி கேள்வி – பதில்: மதர்போர்டில் எங்கே காசு போடுவது?

கேள்வி: கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். கேமரா 4கே. ராத்திரியில் தம்பி கேம் ஆடுவான். மானிட்டர் இருக்கிறது, மற்றதற்கெல்லாம் சேர்த்து 70,000 ரூபாய். கடையில் இரண்டு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று இன்டெல் ஐ5 12400எஃப், எச்610 போர்டு. இன்னொன்று ரைசன் 5 5600, பி550 போர்டு. இரண்டிலும் 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. எந்த போர்டு நல்லது?
– வாசகர், குடியாத்தம்

பதில்: போர்டு இருக்கட்டும், முதலில் உங்கள் கேமரா எந்த வடிவத்தில் பதிவு செய்கிறது என்று பாருங்கள். மீடியா இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. கேமராவில் எடுத்த ஒரு கிளிப்பை அதில் திறந்து, குரோமா சப்சாம்ப்ளிங் (நிற விவரத்தை எவ்வளவு சுருக்கிப் பதிகிறது என்பது) என்ற வரியைப் படியுங்கள். 4:2:0 என்று இருந்தால் கவலை இல்லை, எந்த கிராபிக்ஸ் கார்டும் அந்தச் சுருக்கிய வீடியோவைப் பிரித்து (டிகோட் செய்து) கொடுத்துவிடும். 4:2:2, 10 பிட், எச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை) என்று இருந்தால் கதை வேறு. என்விடியா 40 வரிசைக் கார்டுகளும் அதற்கு முந்தையவையும் இந்த வடிவத்தை வன்பொருளில் பிரிப்பதில்லை. வேலை முழுவதும் பிராசசர் தலையில் விழும், டைம்லைன் திக்கித் திணறும். இன்டெல்லில் 11வது தலைமுறை முதல் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதி இதைச் சுலபமாகச் செய்கிறது. என்விடியாவில் 50 வரிசையிலிருந்துதான் இந்த வசதி வந்தது.

இப்போது கொட்டேஷனைத் திரும்பப் பாருங்கள். 12400எஃப்-இல் உள்ள அந்த 'எஃப்' என்ற எழுத்துக்கு, உள் கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். உங்களுக்கு வேண்டிய பகுதியே இல்லாத பிராசசரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ரைசன் 5 5600-லும் உள் கிராபிக்ஸ் கிடையாது. ஆகவே 4:2:2 கேமரா என்றால், எஃப் இல்லாத 12400 வாங்குங்கள். அல்லது கிராபிக்ஸ் கார்டை 50 வரிசையில் எடுங்கள். இரண்டில் ஒன்று போதும், இரண்டுக்கும் காசு கொடுக்க வேண்டாம். முதல் வழியில் போனால் பயாஸில் (போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) ஒரு வேலை இருக்கிறது: தனி கார்டு சொருகியதும் சில போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். ஐஜிபியு மல்டி மானிட்டர் என்பது போன்ற பெயரில் இருக்கும் அமைப்பை எனேபிள் செய்தால்தான் எடிட்டிங் மென்பொருளின் கண்ணுக்கு அது தெரியும்.

இனி போர்டு. எச்610 கெட்ட போர்டு இல்லை, உங்கள் வேலைக்குக் குறுகலான போர்டு. ரேம் ஸ்லாட் இரண்டுதான். எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி சொருகும் இடம்) பெரும்பாலும் ஒன்று, அதுவும் ஜென் 3 என்ற பழைய தலைமுறை வேகம். கல்யாண சீசனில் ஒரு எஸ்எஸ்டியில் விண்டோஸ், இன்னொன்றில் நடப்பு வேலை என்று பிரிக்காமல் காலம் தள்ள முடியாது. அதனால் 12400-க்கு பி760 மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு ஒன்றைத் தேடுங்கள். நான்கு ரேம் ஸ்லாட், இரண்டு எம்.2, பிராசசரைச் சுற்றியுள்ள விஆர்எம் (பிராசசருக்கு வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும்) பகுதிமேல் அலுமினிய ஹீட்சிங்க்: இந்த மூன்றும் இருந்தால் போதும். பளபளக்கும் விளக்கு, உள்ளே வைஃபை, பின்பக்க ஒலிக்குத் தங்க முலாம் எல்லாம் அலங்காரம்.

விஆர்எம் என்பதை எந்தக் கொட்டேஷனிலும் எழுத மாட்டார்கள். ஆனால் நம் ஊரில் காசு போட வேண்டிய இடம் அதுதான். எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டில் இருக்கும் பவர் சப்ளை பெட்டி) 12 வோல்ட் தருகிறது. பிராசசருக்கு வேண்டியது 1 வோல்ட்டுக்குச் சற்று மேல். எக்ஸ்போர்ட் ஓடும்போது 80 வாட் இழுத்தால், அந்தக் குறைந்த வோல்ட்டில் சுமார் 70 ஆம்பியர் ஓட வேண்டும். அதை மாற்றிக் கொடுப்பவை சாக்கெட்டுக்கு இடப்பக்கமும் மேலேயும் வரிசையாக இருக்கும் கறுப்புச் சில்லுகள். அவை சூடாகும். வெளிநாட்டு விமர்சனங்களில் போர்டைச் சோதிப்பது பெரும்பாலும் 22, 25 டிகிரி அறையில். அக்னி நட்சத்திரத்தில் மாடி அறை 40 தொடும்போது, அவர்கள் காட்டும் எண்ணோடு 15 டிகிரியைக் கூட்டிக் கொள்ளுங்கள். அங்கே 85 காட்டிய, ஹீட்சிங்க் இல்லாத மொட்டைச் சில்லு இங்கே 100.

வாங்கியபின் சோதிக்க வழி இருக்கிறது. எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்து, இருபது நிமிஷ டைம்லைன் ஒன்றை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எல்லா கோரும் வேலை செய்யும்போது 12400-இன் வேகம் 4.0 கிகாஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். முதல் அரை நிமிஷம் நன்றாக ஓடி உடனே தணிந்தால், போர்டு 65 வாட் பவர் லிமிட் போட்டிருக்கிறது. பயாஸில் அதை உயர்த்தலாம். பத்து நிமிஷம் நன்றாக ஓடி அதன்பின் தணிந்தால் அது சூடு. மாஸ் அல்லது விஆர்எம் என்ற பெயரில் வரும் வெப்பநிலையைப் பாருங்கள். இங்கே பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. பெட்டியோடு வரும் கூலர் கீழ்நோக்கி ஊதுவதால் அந்தக் காற்று விஆர்எம் மேலும் படும். அதைக் கழற்றிவிட்டு டவர் கூலர் போட்டால் பிராசசர் குளிரும், விஆர்எம்முக்குக் காற்று நின்றுவிடும். டவர் போடுவதானால் கேபினெட் பின்பக்கம் ஒரு 120 மிமீ ஃபேன் வெளியே இழுக்கும்படி கட்டாயம் வையுங்கள்.

ரேம்: 16 ஜிபி குச்சி இரண்டு. 32 ஜிபி ஒற்றைக் குச்சி வாங்காதீர்கள். ஒற்றை என்றால் ஒரே சேனல், கேமிலும் எடிட்டிங்கிலும் அடி விழும். நான்கு ஸ்லாட் போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி 2, 4 ஆகிய ஸ்லாட்டுகளில் சொருகுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை முழு வேகத்துக்கு ஏற்றும் அமைப்பு) போட்டால்தான் பல டிடிஆர்4 குச்சிகள் 3200-க்கு வரும். போடாவிட்டால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்துக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருக்கலாம். 12400-க்கு 3200 போதும், 3600-க்குக் கூடுதல் காசு வீண். பி760-இல் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ஒன்றின் குச்சி மற்றதில் நுழையாது, பில் போடும் முன் பெயரைப் படியுங்கள். வீட்டில் பழைய டிடிஆர்4 குச்சிகள் இருந்தால் டிடிஆர்4 போர்டே லாபம்.

கேமரா 4:2:0 தானா? அப்படியானால் இரண்டாவது கொட்டேஷனைத் தயங்காமல் எடுங்கள். 5600-க்கு பி550 நல்ல ஜோடி.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் பி450 போர்டும், புதிதாக ரைசன் 5 5600-ம் வாங்கினேன். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே வரவில்லை. போர்டு போய்விட்டதா?
– கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: அவசரப்படாதீர்கள். கேபிள் எங்கே சொருகியிருக்கிறது? 5600-இல் உள் கிராபிக்ஸ் இல்லாததால் போர்டின் எச்டிஎம்ஐயில் சொருகினால் ஜென்மத்துக்கும் படம் வராது. கிராபிக்ஸ் கார்டில் சொருகுங்கள். அடுத்து, போர்டின் மேல் இடது மூலையில் பிராசசருக்கான 8 முனை கரண்ட் கேபிள் இருக்கிறதா? கார்டுக்கான 6+2 முனை கேபிள் பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் முனைகளின் வடிவம் வேறு. அமுக்கித் திணிக்காதீர்கள்.

இரண்டும் சரி என்றால் அநேகமாக பயாஸ்தான். பி450 வந்தது 2018-இல், ரைசன் 5000 வரிசை வந்தது 2020 கடைசியில். பழைய பயாஸுக்கு உங்கள் பிராசசர் யார் என்றே தெரியாது. போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ் பட்டன் இருந்தால் பிழைத்தீர்கள். ஒரு பென் டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, உங்கள் போர்டின் சரியான மாடலுக்கும் ரிவிஷனுக்கும் உரிய பயாஸ் கோப்பைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கி, கையேடு சொல்லும் பெயருக்கு மாற்றிப் போடுங்கள். அடையாளமிட்ட யூஎஸ்பி துளையில் சொருகி, எஸ்எம்பிஎஸ் சுவிட்சை மட்டும் போட்டு, பட்டனைச் சில விநாடி அழுத்துங்கள். விளக்கு மினுக்கும். அது தானாக நிற்கும்வரை தொடவே கூடாது. நடுவில் கரண்ட் போனால் பயாஸ் கெட்டுப்போகலாம், யூபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள்.

பட்டன் இல்லையா? 2200ஜி அல்லது 3200ஜி போன்ற பழைய ரைசன் ஒன்றை ஒரு மணி நேரம் இரவல் வாங்கிப் போட்டு பயாஸை ஏற்றுங்கள். இதில் ஒரு கண்டம் இருக்கிறது. ஏஎம்4 சாக்கெட்டில் (உங்கள் ரைசன் உட்காரும் இடம்) கூலரை நேராகத் தூக்கினால், காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டு பிராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், முனைகள் வளையும். இரண்டு பக்கமும் மெல்லத் திருகி, ஒட்டு விட்டபிறகு தூக்குங்கள்.

கிராபிக்ஸ் கார்டு இன்னும் வாங்கவில்லை என்றால், பி450-க்கு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வேண்டாம். அந்தக் கார்டு வெறும் 4 லேனில் (டேட்டா போகும் பாதை) ஓடுவது. பி450-இல் இருப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 என்ற பழைய இணைப்பு என்பதால் வேகம் பளிச்சென்று குறையும். 8 லேன் உள்ள ஆர்எக்ஸ் 6600 இந்த போர்டில் நன்றாகவே ஓடும்.

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் எக்ஸ்99 போர்டு, 12 கோர் ஜியான் பிராசசர், 32 ஜிபி ரேம் எல்லாம் சேர்த்து மலிவாகக் கிடைக்கிறதாம். எடிட்டிங்குக்கு வாங்கலாமா?
– வாசகர், ஆற்காடு

பதில்: வேண்டாம். எக்ஸ்99 என்பது 2014-இல் வந்த சிப்செட் (போர்டின் முக்கியக் கட்டுப்பாட்டுச் சில்லு). இந்த மலிவு போர்டுகள் பலவற்றில் அதுகூட இருக்காது. பழைய எச்81, பி85 சிப்செட்டைப் போட்டு எக்ஸ்99 என்று அச்சடித்திருப்பார்கள். ஜியானில் உள் கிராபிக்ஸ் இல்லை, ஒவ்வொரு கோரும் மெதுவானது, கேமில் அது உடனே தெரியும். விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் அந்தப் பிராசசர் இல்லை, விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பயாஸ் அப்டேட் யார் தருவார் என்பதற்கும் பதில் இல்லை. ரயில் டிக்கெட் காசையும் மிச்சப்படுத்துங்கள்.

கேள்வி: இரண்டாவது எம்.2 எஸ்எஸ்டி போட்டதும் பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போய்விட்டது. டேட்டா அழிந்துவிட்டதா?
– வாசகி, ஆரணி

பதில்: டேட்டா பத்திரம். பல போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டும் ஓரிரு சாட்டா துளைகளும் (ஹார்டு டிஸ்க் கேபிள் சொருகும் இடம்) ஒரே வழித்தடத்தைப் பகிர்ந்துகொள்ளும். எம்.2 நிரம்பினால் அந்தச் சாட்டா துளை அணைந்துவிடும். பெரும்பாலும் கடைசி எண் துளைகள்தான் இப்படி. ஹார்டு டிஸ்க் கேபிளை 1 அல்லது 2 என்று எண்ணிட்ட துளைக்கு மாற்றுங்கள். எந்தத் துளை எதோடு சேர்ந்தது என்ற அட்டவணை கையேட்டில் சேமிப்புப் பக்கத்தில் இருக்கும்.

கேள்வி: ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சாக்கெட்டுக்குப் போகலாமா, ஏஎம்4 போதுமா? போனால் ஏ620 போர்டு போதுமா? நான்கு ரேம் குச்சி போடலாமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: நான்கு ஐந்து வருஷத்தில் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளும் எண்ணம் உண்டென்றால் ஏஎம்5. அந்தச் சாக்கெட்டுக்கு 2027-ஐத் தாண்டியும் ஆதரவு தருவதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. ஏஎம்5-இல் டிடிஆர்5 மட்டுமே, பழைய குச்சி உதவாது. செலவு ஏறுவது அங்கேதான். வாங்கி வைத்து அப்படியே ஓட்டப் போகிறவருக்கு ஏஎம்4 போதும்.

65 வாட் ரைசன் 5 7600-க்கு ஏ620 ஓடும், ரேம் வேகத்தை எக்ஸ்போ (எக்ஸ்எம்பி போன்ற ஏஎம்டி அமைப்பு) வழியாக அதிலும் ஏற்றலாம். ஆனால் மலிவான ஏ620 போர்டுகளில் ஹீட்சிங்க் இல்லை. நாளைக்கு 12 கோர் பிராசசர் போடும் ஆசையில் ஏஎம்5 வாங்கிவிட்டு ஏ620-ஐப் பிடித்தால் அந்த ஆசைக்கு அர்த்தமில்லை. பி650-க்குப் போங்கள்.

குச்சி இரண்டே. ஏஎம்5-இல் நான்கு டிடிஆர்5 குச்சி போட்டால் ஏஎம்டி உத்தரவாதம் தரும் வேகம் 3600-க்கு இறங்கிவிடும். இரண்டு குச்சியில் 6000 சுகமாக ஓடும். முதல் தடவை ஆன் செய்யும்போது சில நிமிஷம் திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு ரேமைப் பழகிக்கொள்கிறது. பயந்துபோய் சுவிட்சை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கேள்வி: கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது. கேம் ஆடும்போது கரண்ட் போனால் 600 விஏ யூபிஎஸ் இருந்தும் உடனே அணைந்துவிடுகிறது. போர்டில் கோளாறா?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: போர்டு நிரபராதி. சுரீர் என்பது எர்த் இல்லாததால். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் வடிகட்டிக் கண்டன்சர்களின் கசிவு எர்த் வழியாக இறங்க வேண்டியது. வழி இல்லாவிட்டால் கேபினெட் தகரத்தில் நிற்கும். எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அந்த பாயின்ட்டுக்கு எர்த் ஒயர் உண்மையில் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று முனை பிளக் பாயின்ட் இருந்தும் எர்த் முனை வெறுமனே இருக்கும் வீடுகள் நிறைய. எர்த் சரியாகும்வரை எச்டிஎம்ஐ, யூஎஸ்பி கேபிள்களை மெஷின் ஓடும்போது சொருகாதீர்கள், துளை போவது பெரும்பாலும் அப்போதுதான்.

யூபிஎஸ்: 600 விஏ என்றால் வழக்கமாக 360 வாட்தான். கேம் ஓடும்போது கார்டும் பிராசசரும் மானிட்டரும் சேர்ந்து அதை ஒட்டி வந்துவிடும், பேட்டரிக்கு மாறும் நொடியில் தாங்காமல் விழுகிறது. 1,100 விஏ எடுங்கள்.