பிரிட்டன் நிலக்கரி கரண்ட்டை எப்படி மொத்தமா நிறுத்துச்சு, எல்லாம் காத்தாலை புண்ணியமா?

பாதிதான் சரி. 2012லகூட அங்க கரண்ட்ல 40 சதவீதம் கிட்ட நிலக்கரிதான், கடைசி பிளான்ட் ராட்கிளிஃப்-ஆன்-சோர் 2024 செப்டம்பர் 30ல நின்னுடுச்சு. 1882லயே லண்டன்ல நிலக்கரி பவர் ஸ்டேஷன் ஓட்டுன நாடு, ஞாபகம் வெச்சுக்கோங்க.

என்னைக் கேட்டா பெரிய அடி வரிதாங்க. ஒரு யூனிட் கரண்ட் எடுக்க நிலக்கரி கக்குற கார்பன், இயற்கை எரிவாயு (கேஸ்) கக்குறதை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, 2013ல கார்பனுக்கு குறைஞ்சபட்ச விலைன்னு கொண்டுவந்து அப்புறம் ஐரோப்பிய கார்பன் மார்க்கெட் விலைக்கு மேல டன்னுக்கு 18 பவுண்ட் வரி போட்டதும் நிலக்கரி பிளான்ட் ஓட்டுறது கட்டுப்படியாகல, பழைய பிளான்ட்டுங்களுக்கு புகை விதி வேற கழுத்தைப் புடிச்சுது. அந்த எடத்துக்கு மொதல்ல வந்ததுல கேஸுக்குப் பெரிய பங்கு.

கடல் காத்தாலை வளர்ந்ததுக்கு ஒரு முக்கியக் காரணம் 15 வருஷ விலை ஒப்பந்தம். பேசுன ரேட்டுக்குக் கீழ மார்க்கெட் போனா மிச்சத்தைக் கம்பெனிக்குக் குடுப்பாங்க, மேல போனா கம்பெனி திருப்பிக் கட்டணும். வருமானம் நிச்சயம்னதும் பேங்க்காரன் கம்மி வட்டிக்குக் கடன் குடுத்தான், காத்தாலைல செலவுல பெரும்பகுதி கட்டும்போதுதானே, எரிபொருள் ஃப்ரீ.

ட்ராக்ஸ்னு ஒரு பெரிய பிளான்ட் நிலக்கரிய விட்டுட்டு பெரும்பாலும் அமெரிக்காலேர்ந்து மரத்துண்டு எறக்கி எரிக்குது, அதையும் புதுப்பிக்கத்தக்க கணக்குல சேர்க்குறாங்க, எனக்கு அது ஒப்பல. காத்து அடிக்காத குளிர்கால சாயங்காலத்துல இன்னிக்கும் கைகுடுக்குறது பெரும்பாலும் கேஸ்தான்.