எண்பது டெஸ்ட் பேக்கேஜ் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 43, மனைவிக்கு 38. இருவருக்கும் உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. என் அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். ஒரு தனியார் மையத்தில் 80-க்கும் மேற்பட்ட டெஸ்ட்டுகள், ஸ்கேன், டிரெட்மில், புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து 'ஃபுல் பாடி செக்கப்' செய்கிறார்கள். அலுவலக நண்பர் ஒருவருக்கு இப்படிப் பார்த்தபோதுதான் தைராய்டில் புற்றுநோய்க் கட்டி இருப்பது தெரிந்து ஆபரேஷன் நடந்தது. "முன்னாடியே பார்த்ததால் பிழைத்தேன்" என்கிறார். நாங்களும் பணம் கட்டிப் பார்த்துவிடலாமா? வருடா வருடம் பார்க்க வேண்டுமா?

பதில்: அந்தப் பேக்கேஜ் வேண்டாம். அதற்காக எந்த டெஸ்ட்டும் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே 80 டெஸ்ட்டுகளை விடப் பெரிய தகவல் ஒன்று இருக்கிறது: அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் அதை இதய டாக்டர்கள் தனி அபாயக் காரணியாகவே கணக்கில் எடுப்பார்கள். பேக்கேஜ் எடுப்பவரிடம் பெரும்பாலும் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. 25 வயதுக்காரருக்கும் 60 வயதுக்காரருக்கும் ஒரே பட்டியல்தான்.

டெஸ்ட் அதிகமானால் நல்லதுதானே என்று தோன்றும். ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று அச்சாகும் எல்லை எப்படி வருகிறது என்று பாருங்கள். பல டெஸ்ட்டுகளில், ஆரோக்கியமானவர்கள் நிறையப் பேரின் அளவுகளை எடுத்து, நடுவில் இருக்கும் 95 சதவீதத்தை 'நார்மல்' என்று வைக்கிறார்கள். அதாவது நோயே இல்லாத 100 பேரில் 5 பேருக்கு எல்லையைத் தாண்டிய எண் வரும்படியே அது அமைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஆரோக்கியமான ஒருவருக்கு ஒன்றாவது எல்லை தாண்டிச் சிவப்பு எழுத்தில் வருவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். 60 டெஸ்ட் என்றால் 95 சதவீதம். நிஜத்தில் பல டெஸ்ட்டுகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை, சர்க்கரை, கொலஸ்ட்ரால் போன்றவற்றின் எல்லை வேறு முறையில் வகுக்கப்பட்டது. எனவே கணக்கு இவ்வளவு கச்சிதமாக இருக்காது. ஆனாலும் பெரிய பேக்கேஜ் எடுத்துவிட்டுச் சிவப்பு எழுத்தே இல்லாத ரிப்போர்ட்டோடு வீடு திரும்புவது அபூர்வம். அந்த ஒரு சிவப்பு எண்ணிலிருந்துதான் அடுத்த டெஸ்ட், அடுத்த ஸ்கேன், தூக்கமில்லாத இரவுகள் எல்லாம் தொடங்குகின்றன.

நீங்கள் சொன்ன புற்றுநோய் ரத்தப் பரிசோதனைகளில், அதாவது மார்க்கர் டெஸ்ட்டுகளில், இது இன்னும் மோசம். ஒரு கணக்குப் போடுவோம். 1,000 பேரில் ஒருவருக்குத்தான் அந்தப் புற்றுநோய் இருக்கிறது, டெஸ்ட் நோயில்லாதவர்களில் 95 சதவீதத்தினரைச் சரியாக 'இல்லை' என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 5 சதவீதம், அதாவது சுமார் 50 பேருக்கு, நோய் இல்லாமலேயே 'இருக்கலாம்' என்று வரும். டெஸ்ட் அந்த ஒருவரைத் தவறவிடாமல் பிடித்தாலும் 51 பேர் பதறுவார்கள், உண்மையில் நோயாளி ஒருவர்தான். சிஏ 125 என்ற மார்க்கர் மாதவிடாய் நாட்களிலும், கர்ப்பப்பைக் கட்டி இருந்தாலும் ஏறும். சிஇஏ புகைபிடிப்பவர்களுக்குச் சும்மாவே கூடுதலாக இருக்கும். சிஏ 19-9 பித்தக்கல் அடைப்பிலும் மஞ்சள் காமாலையிலும் ஏறும். இவை பெரும்பாலும், ஏற்கெனவே புற்றுநோய் இருப்பவருக்குச் சிகிச்சை வேலை செய்கிறதா என்று தொடர்ந்து பார்ப்பதற்கானவை. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களைச் சேர்த்து, சிஏ 125-ஐயும் ஸ்கேனையும் வைத்து சினைப்பைப் புற்றுநோயைத் தேடிப் பார்த்தார்கள். 2021-ல் முடிவு வந்தது: தேடிய பெண்களிடையே அந்த நோயால் இறந்தவர்களின் விகிதம் குறையவில்லை.

உங்கள் நண்பரின் விஷயத்துக்கு வருகிறேன். ரிப்போர்ட்டைப் பார்க்காமல் அவருக்கு நடந்தது தேவையா இல்லையா என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் அவர் அனுபவத்தை வைத்து நீங்கள் முடிவெடுக்கவும் கூடாது. தென் கொரியாவில் ஹெல்த் செக்கப்போடு தைராய்டு ஸ்கேனும் பரவலானபோது, 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்பட்டவர்கள் 15 மடங்கு ஆனார்கள். அந்தப் புற்றுநோயால் இறந்தவர்களின் விகிதமோ அப்படியே இருந்தது. காலம் முழுக்க ஒன்றும் செய்யாமல் கிடந்திருக்கக்கூடிய நுண்ணிய கட்டிகளைத் தேடிப் பிடித்தார்கள் என்பதுதான் இதன் பொருள். அவர்களில் பெரும்பாலோருக்குச் சுரப்பி அகற்றப்பட்டது. முழுச் சுரப்பியையும் இழந்தவர்கள் ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டும். சிலருக்குக் குரல் நரம்பும், கால்சியத்தைச் சீராக வைக்கும் சிறு சுரப்பிகளும் பாதிக்கப்பட்டன. இப்படி ஆபரேஷன் செய்துகொண்ட ஒவ்வொருவரும் "பிழைத்தேன்" என்றே நம்புவார். தனி ஒருவரை வைத்து அதைச் சரியென்றும் சொல்ல முடியாது, தவறென்றும் சொல்ல முடியாது.

டென்மார்க்கில் சுமார் 60,000 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஒரு பகுதியினரை அழைத்து ஹெல்த் செக்கப்பும் ஆலோசனையும் கொடுத்தார்கள். 10 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது மாரடைப்பிலும் இறப்பிலும் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. இத்தகைய ஆய்வுகளில் சேர்ந்த இரண்டரை லட்சம் பேரின் விவரங்களைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் குழு 2019-ல் வெளியிட்ட அறிக்கையும் இதையே சொன்னது. ஆனால் இதை வைத்து பிரஷர் பார்ப்பதே வீண் என்று முடிவு கட்டினால் தவறு. அந்த ஆய்வுகளில் செக்கப் இல்லாத பிரிவினருக்கும் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் இருந்தார். வேறு காரணத்துக்காகப் போகும்போது அவரே பிரஷரும் பார்த்துவிடுவார். ஆண்டுக்கணக்கில் எந்த டாக்டரிடமும் போகாதவர் கதை வேறு.

இனி உங்களுக்கு எது வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் பிரஷர். 40 வயதுக்கு மேல் வருடம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். இது சாதாரணமாகத் தோன்றினாலும் அதிகமாகத் தவறாகப் பார்க்கப்படுவதும் இதுதான். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை மார்பு மட்டத்தில் ஏதாவது ஒன்றின் மேல் தாங்கியிருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் காபியோ சிகரெட்டோ கூடாது. பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் பிரஷர் கூடுதலாகவே காட்டும். மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு ஒருமுறை பார்த்த எண்ணை வைத்து 'பிரஷர் நோயாளி' ஆகிவிடாதீர்கள். வேறொரு நாளும் பார்க்க வேண்டும், முடிந்தால் வீட்டிலேயே ஒரு வாரம் காலை மாலை எடுத்துக் குறித்துக்கொள்வது இன்னும் நல்லது.

அடுத்து கொலஸ்ட்ரால். 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல் 190 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பரம்பரைக் காரணம் இருக்கலாம். அப்பாவின் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் அது அவசரமாகக் கவனிக்க வேண்டிய விஷயம். இதோடு லிப்போபுரோட்டீன்-ஏ என்ற டெஸ்ட்டை வாழ்நாளில் ஒரே ஒரு முறை கேட்டு எடுங்கள். அதன் அளவு பெரும்பாலும் மரபணுவால் தீர்மானிக்கப்படுவதால் அதிகம் மாறாது. இளம் வயதில் மாரடைப்பு வந்த குடும்பங்களுக்கு இது உண்மையிலேயே பயன்படும். உங்களுக்குக் காட்டப்பட்ட 80-ல் இது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

சர்க்கரைக்கு வெறும் வயிற்று அளவோ, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-யோ போதும். அம்மாவுக்கு இருப்பதால் உங்களுக்கு இது அவசியம். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை வந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. அமெரிக்காவில் 2002-ல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், இப்படிப்பட்ட நிலையில் இருந்தவர்கள் உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு முயன்றபோது நோயாக மாறுவது 58 சதவீதம் குறைந்தது. எண் தெரிந்தால் செய்வதற்கு ஒன்று இருக்கிறது, அதனால்தான் இந்த டெஸ்ட் எடுக்கத் தகுந்தது. 6.5 அல்லது அதற்கு மேல் வந்தாலும், அறிகுறி இல்லாதவருக்கு இரண்டாவது டெஸ்ட்டால் உறுதிசெய்த பிறகே நோய் என்று சொல்ல வேண்டும். ரத்தசோகை உள்ளவர்களுக்கு எச்பிஏ1சி தப்பாகக் காட்டலாம். இரும்புச்சத்துக் குறைவில் பொதுவாகக் கூடுதலாகக் காட்டும்.

அப்பாவை நினைத்து டிரெட்மில், அதாவது நடக்கவிட்டு ஈசிஜி எடுக்கும் டெஸ்ட், செய்யத் தோன்றும். அறிகுறி இல்லாதவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரத்தக்குழாய் கணிசமாக அடைத்திருந்தால்தான் டிரெட்மில்லில் தெரியும். மாரடைப்புகளில் பல, சிறிய அடைப்பாக இருந்த கொழுப்புப் படிவு திடீரென வெடித்து அங்கே ரத்தம் உறைவதால் வருகின்றன. எனவே 'டிரெட்மில் நார்மல்' என்ற ரிப்போர்ட் கொடுக்கும் நிம்மதி பொய்யானது. தவறாக 'பாசிட்டிவ்' வந்தாலோ ஆஞ்சியோகிராம் வரை இழுத்துக்கொண்டு போகும். கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று டாக்டரால் தீர்மானிக்க முடியாத நிலை வந்தால், இதய ரத்தக்குழாயில் கால்சியம் படிந்திருக்கிறதா என்று பார்க்கும் சிடி ஸ்கேன் உதவும். அதையும் டாக்டர் கேட்டு எடுப்பதுதான் முறை.

மனைவிக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனைதான் முதன்மை. 30 வயதுக்கு மேல், அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடும் எச்பிவி டெஸ்ட் என்றால் 5 ஆண்டுக்கு ஒருமுறை, கர்ப்பப்பை வாய் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் மட்டும் என்றால் 3 ஆண்டுக்கு ஒருமுறை. இது புற்றுநோயாக மாறுவதற்கு முந்தைய கட்டத்திலேயே பிடித்து, அங்கேயே சரிசெய்துவிடக்கூடிய பரிசோதனை. பேக்கேஜில் இல்லாவிட்டால் தனியாகக் கேட்டு எடுங்கள். பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் அவருக்கும் உண்டு. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் என்றால் ஹீமோகுளோபின் பாருங்கள். மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமை 40-லிருந்து 50 வயதுக்குள் எப்போது தொடங்குவது என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. நெருங்கிய உறவில் மார்பகப் புற்றுநோய் இருந்தால் முன்கூட்டியே பேச வேண்டும். உங்கள் இருவருக்கும் 45-50 வயதில் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை வரும். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது அதில் எளிய வழி.

ரத்தம் கொடுக்கும் நாளில் செய்யும் சிறு தவறுகள் எண்ணையே மாற்றிவிடும். வெறும் வயிறு என்றால் 8 முதல் 12 மணி நேரம். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். முந்தைய நாள் கடுமையாக ஜிம் செய்தால், கல்லீரல் டெஸ்ட்டில் பார்க்கும் ஏஎஸ்டி என்ற நொதி ஏறி 'லிவர் பிரச்சினை' போலத் தெரியும். அந்த நொதி தசையிலும் உண்டு. முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு தைராய்டு அளவுகள் தவறாக வரலாம், இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். கையை இறுக்கிக் கட்டி, விரல்களை மடக்கி மடக்கித் திறந்தால் பொட்டாசியம் பொய்யாகக் கூடும். காய்ச்சல், சளி இருக்கும்போது கொலஸ்ட்ரால் பார்க்காதீர்கள், அளவு இறங்கியிருக்கும்.

சிவப்பில் ஒரு எண் வந்தால், எவ்வளவு தாண்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். எல்லையை ஒட்டி லேசாகத் தாண்டியிருந்து, உடம்பில் தொந்தரவும் இல்லை என்றால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சில வாரம் கழித்து அதே லேபில் மறுபடி பார்ப்பதே பெரும்பாலும் போதும். தைராய்டு டெஸ்ட்டில் டிஎஸ்எச் லேசாகக் கூடியிருந்தால் 2-3 மாதம் கழித்துப் பாருங்கள். உடனே மாத்திரை தொடங்க வேண்டியதில்லை. பிலிருபின் மட்டும் கொஞ்சம் கூடி மற்ற கல்லீரல் அளவுகள் சரியாக இருந்தால் பெரும்பாலும் அது தீங்கில்லாத ஒரு பிறவி இயல்பு, பட்டினி கிடந்தால் கூடும். ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும் தொந்தரவு தராத பித்தக்கல்லுக்கும் சாதாரண சிறுநீரக நீர்க்கட்டிக்கும் பொதுவாக ஆபரேஷன் தேவையில்லை.

எல்லாம் சரியாக இருந்தால் சர்க்கரையை 3 ஆண்டுக்கு ஒருமுறையும், கொலஸ்ட்ராலை 4 முதல் 6 ஆண்டுக்கு ஒருமுறையும் பார்த்தால் போதும்; எல்லையை ஒட்டி இருந்தால் டாக்டர் முன்னதாகக் கேட்பார். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், காரணமில்லாத எடை இழப்பு, மலத்தில் ரத்தம், மார்பில் கட்டி என்று எது வந்தாலும், போன மாதம்தான் எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்ததே என்று சும்மா இருக்காதீர்கள். அன்று செக்கப் மையத்துக்கும் போக வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள். நடக்காமல் இருக்கும்போதே நெஞ்சு இறுக்கம் வந்து சில நிமிடத்தில் விடாவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.